ரெசல்யூஷன்: தீர்மானமா, தெளிவுத்திறனா, பிரிதிறனா?

மடிக்கணினித் திரையைக் குறித்துப் பேசும்போது புழங்கும் ‘ரெசல்யூஷன்’ என்னும் சொல், அவிழ்த்தல் என்று பொருள்படும் ‘சால்வெரே’ என்ற இலத்தீன் வினையின் வழிவந்தது. சேர்ந்து கிடப்பதைப் பிரித்துக் காட்டுவதே அதன் வேர்ப்பொருள். ஐயத்தின் முடிச்சை அவிழ்த்தால் முடிவு பிறக்கும் என்பதால், மன்றங்களில் நிறைவேறும் தீர்மானத்துக்கும் ஆங்கிலத்தில் இதே சொல் வழங்குகிறது. இவ்விரு கிளைகளையும் பிரித்தறியாத இயந்திர மொழிபெயர்ப்புகள் ‘திரைத் தீர்மானம்’ என்று எழுதிவிடுகின்றன. திரை என்ன, சட்டமன்றமா?

ஒளியியலில் இச்சொல் வேர்ப்பொருளை விட்டு விலகவில்லை. அருகருகே உள்ள இரு புள்ளிகளை இரண்டாகவே காட்டும் ஆற்றல் எது வரை செல்லும் என்பதற்கான அளவுகோலை ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலே பிரபு 1879இல் வகுத்தார். அந்த ஆற்றலைத் தமிழ் இயற்பியல் நூல்கள் ‘பிரிதிறன்’ என்கின்றன. தமிழ் படிப்பவருக்கு இதை விளக்க வேறு சான்று வேண்டியதில்லை: மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் தயக்கமின்றி வேறுபட்டுத் தெரியும் திரைக்குப் பிரிதிறன் போதும், சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டால் போதாது.

கணினிக் கடையில் சொல்லப்படும் எண்ணோ பிரிதிறன் அன்று, திரைப் படத்தை ஆக்கும் நுண்புள்ளிகளான பிக்சல்களின் எண்ணிக்கை மட்டுமே. மூலைக்கு மூலை 15.6 அங்குலமுள்ள திரையில் அகலத்துக்கு 1366, உயரத்துக்கு 768 (1366 × 768) என்றால் ஓர் அங்குல நீளத்தில் ஏறத்தாழ 100 பிக்சல்கள். அதே திரையில் 1920 × 1080 என்றால் 141. 14 அங்குலத் திரையிலோ அதே 1920 × 1080 அங்குலத்துக்கு 157 ஆகிவிடுகிறது. இயல்பான பார்வை ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும் என்று கொண்டால், 60 செ.மீ. தொலைவிலிருந்து படிப்பவருக்கு அங்குலத்துக்குச் சுமார் 145 பிக்சல்கள் தேவை. ஆகவே, நாள் முழுதும் தமிழ் படிப்பவர் முதலில் சொன்ன திரையைத் தவிர்ப்பதே நல்லது.

பெருங்குழப்பம் எழுத்தளவில்தான் நேர்கிறது. எழுத்து சிறிதாகத் தெரிகிறது என்று பலர் பிக்சல் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறார்கள். எல்.சி.டி. திரையின் பிக்சல்கள் இடம் மாறாதவை; 1920 பிக்சல் அகலத்தில் 1366ஐ விரித்தால் ஒவ்வொன்றும் 1.4 பிக்சலில் பரவ வேண்டியிருப்பதால், எழுத்து பெரிதாவதோடு மங்கியும் போகிறது. திரைக்குரிய எண்ணிக்கையை அப்படியே விட்டு, விண்டோஸில் ‘ஸ்கேல்’ எனப்படும் விழுக்காட்டை உயர்த்துவதே முறை. அங்கே 100 விழுக்காடு என்பது அங்குலத்துக்கு 96 பிக்சல் என்ற கணக்கில் அமைந்தது. அக்கணக்கில் 12 புள்ளி (அங்குலத்துக்கு 72 என்னும் அச்சளவு) எழுத்துக்கு 16 பிக்சல் உயரம், அதாவது காகிதத்தில் உள்ளதைப் போல 4.2 மி.மீ.; 141 பிக்சல் திரையில் அதே 16 பிக்சல் 2.9 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். 150 விழுக்காடு வைத்தால் பழைய அளவு திரும்பும், ஆனால் திரையில் 1280 × 720க்கான இடமே எஞ்சும். படிப்பவருக்கு அது இழப்பில்லை. விரிதாளில் வேலை செய்பவர் 125உடன் நிறுத்திக்கொள்ளலாம்.

இனித் தமிழ்ச் சொல். பரவலாக வழங்கும் ‘தெளிவுத்திறன்’ எனக்கு நிறைவளிக்கவில்லை. தெளிவு என்பது ஒளிர்வையும் கருமை வெண்மை வேறுபாட்டையும் சார்ந்தது. அங்குலத்துக்கு இத்தனை என்னும் அடர்த்தியைச் சுட்டப் ‘பிரிதிறன்’ என்றும், அமைப்புப் பட்டியலில் வரும் எண்களைச் சுட்டப் ‘படப்புள்ளி எண்ணிக்கை’ என்றும் பிரித்து வழங்கலாம். 1965இல் பொறியாளர் ஃபிரெட் பில்லிங்ஸ்லி அச்சில் கையாண்ட ‘பிக்சல்’ படத்தின் கூறு என்பதன் சுருக்கம் என்பதால் ‘படக்கூறு’ இன்னும் நெருக்கமானதே. எனினும் படப்புள்ளி ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. அதைப் ‘புள்ளி’ என்று மட்டும் சுருக்காதிருப்பது நலம். எழுத்தளவுக்கும் அதே பெயர், மெய்யெழுத்தின் தலைமேல் இருப்பதற்கும் அதே பெயர்.