“எங்க பிள்ளை அப்படி இல்லையே டாக்டர்”

பிறந்தபோது குறித்த பாலினம் தன்னுடையது அல்ல என்று உணரும் பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து, மனநல மருத்துவராக நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. ‘அப்படி’ என்றால் எப்படி என்று கேட்டால், பெற்றோர் விவரிப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு சினிமாக் காட்சிதான்: கைதட்டல், கரகரத்த குரல், கதாநாயகனைச் சீண்டும் நகைச்சுவை. திருநங்கை ஒருவரோடு பத்து நிமிடம்கூடப் பேசியிராதவர்களுக்கு அந்தக் காட்சிதான் முழு அறிவும்.

2000-இல் வந்த ‘அப்பு’வில் திருநங்கைப் பாத்திரம் கொடூர வில்லன். 2011-இல் ‘காஞ்சனா’வில், பெற்றோர் துரத்திய ஒரு திருநங்கை இன்னொரு திருநங்கையை டாக்டருக்குப் படிக்க வைக்கிறார். அருமையான பாத்திரம். ஆனால் பேய்ப் படம் என்பதால், பலர் மனதில் தங்கியது பயம்தான். 2019-இல் ‘சூப்பர் டீலக்ஸ்’ ஒரு தந்தை திருநங்கையாக வீடு திரும்புவதைக் காட்டியது. அவரைச் சிறுவனான மகன் இயல்பாக ஏற்றுக்கொள்வதைப் பெற்றோர் பார்க்க வேண்டும். அதே ஆண்டு ‘பேரன்பு’வில் திருநங்கையான அஞ்சலி அமீரே திருநங்கை வேடத்தில் நடித்தார். எனக்கு அதுதான் பெரிய நகர்வாகத் தெரிகிறது.

திருநம்பிகள் நம் திரையில் அநேகமாக இல்லவே இல்லை. அதனால் மகளாக வளர்ந்த பிள்ளை “நான் பையன்” என்று சொன்னால், வீட்டில் அதைப் புரிந்துகொள்ள ஒரு முன்மாதிரியும் கிடையாது. “வயசுக் கோளாறு, கல்யாணம் ஆனா சரியாயிடும்” என்று வரன் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். மிகவும் தாமதமாக, மனம் உடைந்த நிலையில் என்னிடம் வருவது இந்தப் பிள்ளைகள்தான்.

“இதெல்லாம் செல்போன் வந்தப்புறம் வந்தது” என்போரும் உண்டு. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில், ஆண்மை திரிந்த பெண் கோலத்தில் ஆடும் பேடிக்கூத்தும் ஒன்று. 1871-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், வட இந்தியாவில் திருநங்கைகளைப் பதிவு செய்து, பெண் உடையில் வெளியே வந்தாலே கைது செய்ய இடம் கொடுத்தது. எப்போதும் இருந்தவர்களைத்தான் இப்போது புதிதாகப் பார்க்கிறோம்.

அப்புறம், பிள்ளையின் பாலின உணர்வையே “மாத்திக் கொடுங்க” என்ற வேண்டுகோள். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் இந்த உணர்வு மனநோய்ப் பிரிவில் இல்லை. அதே ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம், இந்த உணர்வை ‘மாற்றும் சிகிச்சை’ தருவது மருத்துவத் தொழில் ஒழுக்க மீறல் என்று அறிவித்தது. யாராவது மாற்றித் தருவதாகச் சொன்னால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உடனே எழுந்து வந்துவிடுங்கள். எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும் என்று பிள்ளையிடமே கேளுங்கள். வீட்டுக்குள் மட்டுமாவது அப்படிக் கூப்பிடத் தொடங்குங்கள்.