குலுக்கையில் விதைநெல் தீரும்போது

போன வருடம் ஒரு மத்தியானம், பிள்ளைகள் எல்லாம் வகுப்புக்குப் போன பிறகு, என் சீப்பில் சிக்கியிருந்த இரண்டு முடிகளைப் பள்ளிக்கூட ஆய்வகத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஒன்று கறுப்பு, ஒன்று நரை. கறுப்பு முடி கரிக்கட்டை மாதிரி கிடந்தது. கீழிருந்து வந்த வெளிச்சம் அதற்குள் நுழையவே இல்லை. நரை முடிக்கு லென்ஸை மாற்றியதும் கையை எடுத்துவிட்டேன். கண்ணாடிக் குழல்! நடுவில் விட்டு விட்டு ஒரு மெல்லிய கோடு, விளிம்பில் மீன் செதில் போன்ற அடுக்கு, மற்றபடி அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்குத் தெளிவு. வெள்ளை என்று சொல்ல அதில் எந்த நிறமும் இல்லை.

தூத்துக்குடி உப்பளத்தில் ஒரு கல் உப்பை எடுத்து வெயிலில் பிடித்தால் கண்ணாடியாகத் தெரியும். அதையே குவித்து வைத்தால் வெள்ளை வெளேர் என்று கண் கூசும். உள்ளே போன ஒளி சிதறித் திரும்பி வருவதுதான் காரணம். நரையும் அப்படித்தான். அது தலைக்குப் புதிதாக வந்த நிறமில்லை, இருந்த நிறம் இல்லாமல் போனது. சாம்பல் நிறத்தலை என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் கறுப்பு முடியும் நிறமற்ற முடியும் கலந்து நிற்பதைத்தான்.

அந்த நிறம் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு மயிர்க்காலின் அடியிலும், தோலுக்குள் புதைந்த குமிழில், மெலனோசைட் என்ற நிறமி செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. டைரோசின் என்ற அமினோ அமிலத்தை எடுத்து, தாமிரம் கலந்த ஒரு நொதியின் உதவியால் மெலனினாக மாற்றுகின்றன. நம் தலையில் இருப்பது பெரும்பாலும் யூமெலனின், கறுப்பு வகை. அதைச் சிறு பொட்டலங்களாகக் கட்டிப் பக்கத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் முடி செல்களுக்குள் தள்ளிவிடும். அந்தச் செல்கள் மேலே ஏற ஏறக் கெட்டிப்பட்டு, கெரட்டின் என்ற புரத இழையாகி, தோலுக்கு வெளியே வரும்போது உயிரற்ற பொருளாக வருகின்றன. வெளியே வந்த பிறகு உடம்பால் அந்த முடியின் நிறத்தை மாற்ற முடியாது. ஒரே ராத்திரியில் தலை நரைத்தது என்று கதை கதையாகச் சொல்வார்கள். திட்டுத் திட்டாக முடி உதிரும் ஒரு நோயில் கறுப்பு முடி முதலில் கொட்டி, ஏற்கெனவே இருந்த நரை மட்டும் மிஞ்சுவதுண்டு. பார்ப்பவருக்குத் திடீரென்று நரைத்ததுபோல இருக்கும். இருந்த முடி வெளுப்பதில்லை.

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பருவம். தலைமுடிக்கும் பருவம் உண்டு, ஆனால் நீளமானது. ஒரு முடி 2 முதல் 6 வருடம் வளரும், இரண்டு மூன்று வாரம் ஓய்ந்து சுருங்கும், ஏறக்குறைய மூன்று மாதம் சும்மா நின்று உதிரும். அப்புறம் அதே காலில் அடுத்த விதைப்பு. தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் வயல்கள், ஒவ்வொன்றும் தனித்தனிப் பருவத்தில். அதனால்தான் தினம் 50 முதல் 100 முடி உதிர்ந்தாலும் தலை தரிசாவதில்லை.

அடுத்த பருவத்துக்கு நிறமி செல்கள் எங்கிருந்து வரும்? எங்கள் ஆச்சி வீட்டில் மண் குலுக்கை ஒன்று இருந்தது. சாப்பாட்டுக்கு எவ்வளவு தட்டுப்பாடு வந்தாலும் அதில் இருக்கும் விதைநெல்லில் கை வைக்க மாட்டாள். மயிர்க்காலின் மேல்பகுதியில், ஒரு சின்னப் புடைப்பில், அப்படி ஒரு குலுக்கை இருக்கிறது. அதில் இருப்பவை நிறமி மூலச்செல்கள். ஒவ்வொரு பருவத்திலும் அவற்றில் சில கீழே இறங்கி நிறமி செல்லாக மாறும். சில அடுத்த விதைப்புக்காக அங்கேயே தங்கும். எமி நிஷிமுரா, டேவிட் ஃபிஷர் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, வயது ஏறும்போது இந்தச் சேமிப்பு தேய்ந்து தீர்ந்துபோவதே நரைக்கு அடிப்படை என்று காட்டியது. முடியை வளர்க்கும் செல்கள் வேறு, அவற்றுக்குத் தனிக் குலுக்கை. அதனால்தான் நிறம் நின்ற பிறகும் முடி வளர்ந்துகொண்டே இருக்கிறது.

நியூயார்க்கில் மயூமி இட்டோ குழுவினர் 2023-இல் எலிகளில் பார்த்தது இன்னும் நுட்பமானது. இந்த மூலச்செல்கள் குலுக்கைக்கும் வயலுக்கும் இடையே போய்ப் போய் வருகின்றன. வயதானால் பல செல்கள் புடைப்பிலேயே சிக்கிக்கொள்கின்றன. விதை இருக்கிறது, விதைக்க ஆள் இறங்கவில்லை. இதோடு இன்னொரு காரணமும் சேர்கிறது. மயிர்க்காலில் ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் கொஞ்சமாக உண்டாகும். அதை உடைத்துத் தண்ணீராக்க கேட்டலேஸ் என்ற நொதி உண்டு. நரைத்த முடியில் பெராக்சைடு சேர்ந்து கிடப்பதையும் கேட்டலேஸ் குறைந்திருப்பதையும் 2009-இல் கண்டார்கள். அழகு நிலையத்தில் முடியை வெளுக்க எதைப் பூசுகிறார்களோ, அதையேதான் வேரும் தானே சேர்த்து வைக்கிறது.

"கவலைப்பட்டே நரைச்சுப் போனா" என்று நம் ஊரில் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதை நிரூபித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஹார்வர்டில் யா-சியே சூ குழுவினர் எலிகளுக்கு மன அழுத்தம் கொடுத்தபோது அவற்றின் ரோமம் வெளுத்தது. நோய் எதிர்ப்பு செல்கள்தான் தாக்குகின்றனவோ என்று சந்தேகப்பட்டு, அந்தச் செல்கள் இல்லாத எலிகளில் பார்த்தார்கள், அப்போதும் வெளுத்தது. அழுத்த ஹார்மோன் காரணமோ என்று அட்ரினல் சுரப்பியை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள், அப்போதும் வெளுத்தது. கடைசியில் குற்றவாளி நரம்பு. ஆபத்து வந்தால் நெஞ்சைப் படபடக்க வைக்கும் பரிவு நரம்புகளின் கிளை ஒவ்வொரு மயிர்க்காலையும் சுற்றியிருக்கிறது. அழுத்தத்தின்போது அது நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை மிதமிஞ்சிக் கக்க, மூலச்செல்கள் எல்லாம் ஒரே மூச்சில் நிறமி செல்லாகி வெளியேறிவிட்டன. குலுக்கையைக் கவிழ்த்துக் கொட்டியது மாதிரி. 2020-இல் இது வெளியானது. மறுவருடம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பிக்கார்ட் குழுவினர் 14 பேரின் முடிகளை இழை இழையாக ஸ்கேன் செய்து, சில முடிகள் நரைத்தபின், வேரிலிருந்து புதிதாக வளர்ந்த பகுதி மறுபடி கறுப்பாக வந்ததைக் கண்டார்கள். ஒருவர் விடுமுறைக்குப் போயிருந்த நாட்களில் அவருடைய ஐந்து முடிகளுக்கு நிறம் திரும்பியிருந்தது. ஆனால் இது நரைக்கலாமா வேண்டாமா என்ற விளிம்பில் நிற்கும் முடிக்குத்தான். பத்து வருட நரைக்கு இல்லை.

யாருக்கு எப்போது நரைக்கும் என்பதில் பெரிய பங்கு பரம்பரைக்கு. லத்தீன் அமெரிக்காவில் 6,000-க்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்து, நரையோடு தொடர்புடைய ஐஆர்எஃப்4 என்ற மரபணுவை 2016-இல் அடையாளம் கண்டார்கள். நம் போன்ற ஆசியர்களுக்கு 25 வயதுக்கு முன் நரைத்தால் அதை இளநரை என்பார்கள். ஊரில் பித்தநரை என்பதும் இதைத்தான். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டுக் கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு இவற்றில் ஏதாவது பின்னால் இருக்கக்கூடும். சைவச் சாப்பாட்டுக்காரப் பிள்ளைகளுக்குப் பி12 குறைவது சகஜம். எண்ணெய் மாற்றுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மற்றபடி, ஒரு நரையைப் பிடுங்கினால் பத்து முளைக்கும் என்பது பொய். ஒரு காலில் ஒன்றுதான் முளைக்கும். திரும்பத் திரும்பப் பிடுங்கினால் அதுவும் முளைக்காமல் போகலாம்.

இனி என் மதினி கதை. மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஓர் அழகு நிலையத்தில் சாயம் போட்டுக்கொண்டு வந்தாள். ராத்திரி தலை அரித்தது. மறுநாள் காலையில் நெற்றி வீங்கி, சாயங்காலம் இரண்டு கண்ணும் திறக்க முடியவில்லை, காது மடலில் நீர் வடிந்தது. கல்யாண போட்டோவில் பெண்ணின் அம்மா முக்கால்வாசிப் படங்களில் முந்தானையால் முகத்தை மறைத்திருப்பாள். "பதினோரு வருசமா இதத்தான போடுதேன், இப்பம் என்னட்டி புதுசா வந்துச்சு?" என்று அழுதுகொண்டே கேட்டாள்.

கறுப்புச் சாயத்தில் பெரும்பாலும் பிபிடி என்று சுருக்கிச் சொல்லும் பாராஃபினைலீன்டையமின் இருக்கும். அமோனியா முதலில் முடியின் செதில்களைக் கூரை ஓட்டைப் புரட்டுவதுபோலத் தூக்கும். சின்ன மூலக்கூறான பிபிடி உள்ளே நுழையும். கூடவே கலக்கும் பெராக்சைடு அதை ஆக்சிஜனேற்றம் செய்து, ஒன்றோடொன்று இணைத்துப் பெரிய கறுப்பு மூலக்கூறாக்கும். சின்னதாக உள்ளே போனது உள்ளேயே பெரிதாகி வெளியே வர முடியாமல் நிற்பதால்தான் சாயம் கழுவினாலும் போவதில்லை. ஆனால் தோலில் படுகிற பிபிடியை உடம்பின் எதிர்ப்பு செல்கள் ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டிருக்கும். சிலருக்கு ஒரு கட்டத்தில் அதை எதிரி என்று மனப்பாடம் செய்துவிடும். அது முதல் தடவையும் நடக்கலாம், நூறாவது தடவையும் நடக்கலாம். மனப்பாடம் ஆனது பிறகு மறப்பதில்லை. ஒத்துக்கொள்கிறதா என்று சாயத்தைக் காதுக்குப் பின்னால் தொட்டு வைத்து 48 மணி நேரம் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஒவ்வாமை எழ ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அமோனியா இல்லை, மூலிகை, கருப்பு மருதாணி என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி இதைத் தவிர்த்துவிடாதீர்கள். பிபிடி அவற்றிலும் இருக்கலாம். அசல் மருதாணி செம்மஞ்சள்தான் தரும், ஒருக்காலும் கறுப்புத் தராது.

கறுப்பு வேண்டுமென்றால் மருதாணிக்கு மேல் அவுரி போடுவது பழைய வழி. நீலச் சாயம் எடுக்கும் அவுரி இலை ஈரப்பட்டதும் அதிலுள்ள நிறமற்ற பொருள் பிரிந்து, காற்றுப் பட்டு நீலமாகும். செம்மஞ்சள்மேல் நீலம் ஏறினால் கருந்தவிட்டு நிறம். இதில் நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. உலகச் சந்தையில் திருநெல்வேலி பெயரிலேயே விற்கிற, பேதிக்குக் கொடுக்கிற நிலாவாரையையும் இங்கே அவுரி என்பார்கள். அந்தப் பொடியை வாங்கித் தலையில் எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் நீலம் வராது. வாங்கும்போது நீலி அவுரி என்று கேட்டு வாங்குங்கள்.

மதினி அதற்கும் போகவில்லை. விட்டுவிட்டாள். முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். இடுப்பு வரை இருந்த அவள் கூந்தல் சுமார் 60 சென்டிமீட்டர். சாயம் முழுக்கக் கீழிறங்க ஐந்து வருடம். தோள்வரை வெட்டிவிட்டால் பாதி. வெட்டிக்கொண்டாள். உச்சியில் வெள்ளை, அதற்குக் கீழே செம்பட்டை, நுனியில் கறுப்பு என்று முதல் வருடம் கஷ்டமாகத்தான் இருந்தது. விசேஷ வீடுகளில் "ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்காத ஆள் இல்லை. அண்ணனுக்கு நாற்பதிலேயே நரைத்தது, அவனை ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை. இந்தக் கேள்விக்குப் பயந்துதான் எத்தனையோ பெண்கள் அரிப்பையும் பொறுத்துக்கொண்டு மாதாமாதம் சாயம் பூசுகிறார்கள் என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நரை முடிக்கு வேறு கவனிப்பு வேண்டும். மெலனின் வெறும் அழகுக்கு இருந்ததில்லை, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தான் வாங்கிக்கொண்டு முடியின் புரதத்தைக் காத்தது. அது போன பிறகு வெயில் நேரே கெரட்டினைத் தாக்கும். முடி முரடாகி மஞ்சளிக்கும். சித்திரை வெயிலில் தலையில் முந்தானை போட்டுக்கொண்டு ஆச்சிமார் நடந்தது சரியான காரியம். மாதவிலக்கு நின்ற பிறகு தலைத்தோலில் எண்ணெய்ச் சுரப்பும் குறைகிறது. முடி கம்பி மாதிரி நிற்கிறது என்று சொல்வதற்கு அது ஒரு காரணம். தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் சின்னதாகவும் நேராகவும் இருப்பதால் இழைக்குள் இறங்குகிறது. கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று 2003-இல் வந்த இந்திய ஆய்வொன்று காட்டியது. சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் அதில் தேறவில்லை. குளிப்பதற்கு முன்னால் கொஞ்சமாகத் தேய்த்தால் போதும். கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிய பச்சை எண்ணெயும் கறுத்த எண்ணெயும் நரையில் கறையாகப் படியும். அவை நரையைக் கறுக்க வைக்கும் என்பதற்கு நிரூபணமும் இல்லை.

தண்ணீர் பெரிய விஷயம். தாமிரபரணியில், குறுக்குத்துறைப் படித்துறையில் முங்கிக் குளித்த ஆச்சியின் கொண்டை கடைசிவரை வெள்ளிக் கிண்ணம் மாதிரி இருந்தது. போர்த் தண்ணீரில் குளிக்கும் அம்மாவுக்கு நெற்றிப் பக்கம் முழுக்க மஞ்சள். கடினநீரின் சுண்ணாம்பும் இரும்பும் நிறமற்ற முடியில் ஒட்டினால் அப்படியே தெரியும். கறுப்பு முடியிலும் ஒட்டத்தான் செய்தது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கடைசி இரண்டு சொம்பு மட்டும் மழைத்தண்ணீரோ ஆற்றுத்தண்ணீரோ ஊற்றச் சொன்னேன். மஞ்சளுக்கு ஊதா நிற ஷாம்பூ என்று ஒன்று விற்கிறது. வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடும் அதே கணக்குதான்: மஞ்சளுக்கு எதிர் நிறம் ஊதா, இரண்டும் சேர்ந்தால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். பத்து நாளைக்கு ஒரு தடவை போதும். வேட்டிக்குப் போடும் நீலத்தைத் தலையில் ஊற்றாதீர்கள்.

மதினிக்கு இப்போது மூன்றாவது வருடம். போன ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் கூட்டத்துக்குள் அவளைத் தேட வேண்டியிருக்கவில்லை. மத்தியான வெயிலில், மாடிப்படியில் நின்றவர்களுக்கு நடுவில், அவள் தலை மட்டும் தனியாகப் பளபளத்தது. கிட்டே போனதும், "முந்தானையப் போடு மதினி, வெயிலு" என்றேன். சிரித்துக்கொண்டே தலையை மூடிக்கொண்டாள்.