பீரோ மேலே ஏறிய மெஷின்

"தம்பி, இதை நீங்களே வச்சுக்கங்க. எனக்கு ஒத்து வரல." தூக்கத்தில் மூச்சு வழி அடைபடாமல் மாஸ்க் வழியாகக் காற்று தரும் சிபாப் மெஷின், அதன் பையை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார் அந்த லாரி டிரைவர் அண்ணன். நாலு ராத்திரி போட்டுப் பார்த்திருக்கிறார். அதன் பிறகு மூணு வாரமாக அது பீரோ மேலேயே இருந்ததாம்.

ஸ்லீப் லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கும் எனக்கு இந்தக் காட்சி புதிதல்ல. குறட்டையை யாரும் நோயாக நினைப்பதில்லை. அசந்து தூங்குகிறார் என்றுதான் சொல்வார்கள். ஆனால் சிலருக்குத் தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு வழியை அடைத்துக்கொள்கிறது. இதுதான் ஸ்லீப் அப்னியா என்கிற நோய். 10 விநாடி, சில நேரம் அரை நிமிடத்துக்கும் மேல் காற்று போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை உலுக்கி எழுப்பும், ஒரு பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். இப்படி மணிக்கு 30 தடவையோ அதற்கு மேலோ நடந்தால் கடுமையான நிலை. அண்ணனுக்கு மணிக்கு 46 தடவை. பிரஷருக்கு மூணு மாத்திரை, ராத்திரியில் நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுவது, காலையில் தலைபாரம், ஸ்டியரிங் பிடித்தபடியே கண் சொக்குவது. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த அடைப்பும் இருக்கலாம் என்று அவரிடம் அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

"போட்டா மூச்சு முட்டுது தம்பி, ஐசியூல கிடக்கற மாதிரி இருக்கு."

மாஸ்க்கை வாங்கிப் பார்த்தேன். முன்பக்கத்தில் வரிசையாக இருக்க வேண்டிய பொடித் துளைகளைக் காணோம். மேலே வெள்ளை பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"காத்து வெளியே போகுதேன்னு நான்தான் அடைச்சேன்."

தயவுசெய்து இதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். அந்தத் துளைகள் வழியாகத்தான் நாம் விடும் மூச்சு வெளியேறுகிறது. அடைத்தால் விட்ட கரியமில வாயுவையே திரும்ப இழுப்போம். அண்ணனுக்கு மூச்சு முட்டியதில் ஆச்சரியமே இல்லை. பிளாஸ்டரை உரித்தபோது அவர் முகம் சுண்டிப்போனது. தப்பு அவருடையதல்ல, மெஷினைக் கையில் கொடுத்தவர்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

சிபாப் மெஷின் வென்டிலேட்டர் அல்ல. நமக்காக அது மூச்சு விடாது. தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் காற்றால் முட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஒரு டம்ளர் தண்ணீரின் அடியில் இருக்கிற அழுத்தம் போலத்தான் பலருக்கும் தேவைப்படும். 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் குழுவினர் ஐந்து நோயாளிகளிடம் இதைச் செய்து காட்டினார்கள். அதற்கு முன்பு கடுமையான நோயாளிகளுக்கு இருந்த வழி, கழுத்தில் துளை போடுவது.

மெஷினை வேண்டாம் என்பவர்களில் பெரும்பாலானோருக்கு, என் அனுபவத்தில், சிக்கல் மாஸ்க்கில்தான். காற்று கசிகிறது என்று பட்டையை இறுக்குவார்கள். இறுக்க இறுக்க மாஸ்க்கின் சிலிகோன் விளிம்பு மடங்கி இன்னும் கசியும், மூக்குத் தண்டில் புண்ணும் வரும். உட்கார்ந்து அளவு பார்க்காதீர்கள். படுத்து, மெஷினை ஓட விட்டு, பட்டைக்குள் ஒரு விரல் சுலபமாக நுழைகிற அளவுக்கு வையுங்கள். அண்ணனுக்கு நல்ல அடர்ந்த மீசை, கசிவு அதன் வழியாகவும்தான். "மீசையை எடுக்கணுமா?" என்று கேட்டபோது குரலே இறங்கிவிட்டது. எடுக்க வேண்டாம். மூக்குத் துளைக்குள் மட்டும் பொருந்தும் சிறிய வகை மாஸ்க்கை மாற்றிக் கொடுத்தோம்.

முதல் வாரம் ராத்திரியைப் பற்றியே நினைக்காதீர்கள் என்றேன். சாயங்காலம் டிவி பார்க்கும்போது வெறும் மாஸ்க்கை அரை மணி நேரம் போட்டிருங்கள். அப்புறம் மெஷினை ஓடவிட்டு உட்கார்ந்திருங்கள். பிறகு மதியத் தூக்கம். அழுத்தம் மெல்ல ஏறும்படி 'ராம்ப்' வைத்துக்கொள்ளலாம். வாய் வறண்டால் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் போடுங்கள். அதில் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, மிச்சத்தைத் தினமும் காலையில் கொட்டிவிடுங்கள். போர் தண்ணீர் என்றால் தட்டில் உப்பு படியும்.

"கரண்ட் போனா?" என்று கேட்டார் கூட வந்த அக்கா. பயம் வேண்டாம். மூக்கு மாஸ்க் என்றால் வாயால் மூச்சு விடலாம். முழு முக மாஸ்க்கில் வெளிக்காற்றுக்கு வழிவிடும் வால்வு இருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டரே பெரும்பாலும் போதும், ஹியூமிடிஃபையரின் சூடேற்றியை அணைத்துவிட்டால் இன்னும் நேரம் தாங்கும்.

மாஸ்க் பழகும்வரை இரவு லோடு எடுக்க வேண்டாம் என்று அண்ணனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். வருமானம் போகுமே என்றார். அது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. குடியும், டாக்டரைக் கேட்காமல் போடும் தூக்க மாத்திரையும் தொண்டையை இன்னும் தளர்த்தும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

மூணு வாரம் கழித்து, மெஷின் ஓடிய விவரம் பதிவாகும் கார்டைக் கொண்டுவந்தார். ராத்திரிக்குச் சராசரி 5 மணி 40 நிமிடம் போட்டிருக்கிறார். மணிக்கு 46 தடவை என்றிருந்த அடைப்பு 4 ஆகியிருந்தது. ராத்திரி ஒரு தடவைதான் எழுகிறாராம்.

அடுத்த மாதம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். இந்த நோய் இருப்பதை மயக்க மருந்து டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், மெஷினையும் மாஸ்க்கையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அக்கா அதைச் சீட்டில் எழுதி, பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.