டெட் ரெக்கனிங்: வழிக்கணிப்பு

போர் விமானத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர்களில், வரைபடத்தின் மேல் நம் விமானத்தைக் காட்டும் குறியை அணைத்துவிட்டுப் பறக்க விரும்புவோர் முதலில் பழக வேண்டிய முறைக்கு டெட் ரெக்கனிங் என்று பெயர். ஐயமின்றித் தெரிந்த ஓர் இடத்திலிருந்து எந்தத் திசையில், எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் பறந்தோம் என்ற மூன்றையும் கொண்டு இப்போது இருக்கும் இடத்தைக் கணக்கிடுவதே இதன் பொருள். இதற்குத் திசைகாட்டி, வேகமானி, கடிகாரம் ஆகிய மூன்றும் போதும்.

இது கடலோடிகளின் சொல். 1613-லேயே ஆங்கில நூலொன்றில் அச்சேறியிருக்கிறது. முடிச்சிட்ட கயிற்றைக் கப்பலின் பின்புறம் கடலில் விட்டு, மணற்கடிகை ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைக் கடந்தன என்று எண்ணி மாலுமிகள் வேகத்தை அறிந்தனர். விமானிகள் இன்றும் வேகத்தை 'நாட்', அதாவது முடிச்சு, என்ற அலகில் சொல்வது அதன் எச்சமே. 'டெட்' என்பது உய்த்தறிந்த என்று பொருள்படும் 'டெட்யூஸ்டு' என்பதன் சுருக்கம் எனப் பலர் எழுதுவதுண்டு. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய ஆவணங்களில் அதற்குச் சான்று இல்லை.

அதற்காக, 'டெட்' என்ற ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருளைக் கொண்டு தமிழில் 'இறந்த கணக்கீடு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதும் பொருளற்றது. பயணத்தைக் குறிக்கும் 'செலவு' என்ற பழஞ்சொல்லைக் கொண்டு 'செலவுக் கணிப்பு' எனலாம். ஆயினும் இன்றைய வாசகர் அதை மாதச் சம்பளத்தோடு சேர்த்தே படிப்பார். கடந்த வழியைக் கொண்டு இடத்தைக் கணிப்பதால் 'வழிக்கணிப்பு' என்பதே தகும் என்று கருதுகிறேன். வழி கணித்தான், வழி கணித்துப் பார் என வினையாகவும் அது இயல்பாக வரும். ஆறு, பாலம், இருப்புப்பாதை ஆகியவற்றைக் கண்ணால் கண்டு வரைபடத்தோடு ஒப்பிட்டுச் செல்லும் முறை வேறு; அதை 'நிலக்குறி வழிகாணல்' எனப் பிரித்துச் சொல்வது நல்லது.

'ஐஎல்-2' சிமுலேட்டரின் குளிர்கால ஸ்டாலின்கிராட் வரைபடத்தில், எங்கும் பனி மூடிக் கிடப்பதால், நிலக்குறியை மட்டும் நம்புவது கடினம். டான் ஆற்றங்கரையிலுள்ள கலாச்சிலிருந்து ஸ்டாலின்கிராட் ஏறத்தாழ நேர் கிழக்கே 70 கி.மீ. தொலைவில் இருக்கிறது. 3,000 மீட்டர் உயரத்தில் வேகமானி 300 கி.மீ. காட்டினால், அங்கே காற்றின் அடர்த்தி குறைவாக இருப்பதால், உண்மை வேகம் மணிக்கு ஏறக்குறைய 350 கி.மீ. ஆகும், ஆகவே 12 நிமிடங்களில் நகரம் வந்துவிட வேண்டும். முள் காட்டும் 300-ஐ அப்படியே எடுத்துக்கொண்டு 14 நிமிடங்கள் பறப்பவர், நகரத்தின் கிழக்கு ஓரமாக ஓடும் வோல்கா ஆற்றைத் தாண்டிப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் போயிருப்பார். பக்கவாட்டில் மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் காற்று அடித்து, அதற்கு ஈடாக விமானத்தின் மூக்கைத் திருப்பாமல் பறந்தால், அதே 12 நிமிடங்களில் 7 கி.மீ. ஒதுங்கிவிடுவோம். அனுபவப்பட்டவர்கள் இதனால் நகரத்துக்கு நேராகக் குறி வைப்பதில்லை. வேண்டுமென்றே சற்று வடக்கே குறி வைத்துச் சென்று, வோல்கா தென்பட்டதும் வலப்புறம் திரும்பி ஆற்றோடு வருவார்கள். நேராகக் குறி வைத்துத் தவறியவருக்கோ ஆற்றங்கரையில் எந்தப் பக்கம் திரும்புவது என்பதே தெரியாது.

விமானங்களில் கணினி வந்த பிறகும் இம்முறை மறையவில்லை. 'டிசிஎஸ் வேர்ல்ட்' சிமுலேட்டரில் உள்ள சுவீடனின் விக்கன் விமானம், தரையில் பட்டுத் திரும்பும் அலைகளைக் கொண்டு டாப்ளர் ரேடார் அளக்கும் வேகத்தையும் விமானத்தின் திசையையும் கொண்டு தானே வழி கணிக்கிறது. பறக்கப் பறக்க அதிலும் பிழை சேர்ந்துகொண்டே போகும் என்பதால், தெரிந்த பாலம் அல்லது தீவு ஒன்றின் மேல் பறந்தோ, ரேடாரில் அதைக் குறித்தோ, விமானி கணினியின் கணக்கைத் திருத்திக் கொடுக்க வேண்டும்.