கறுப்பு விமானத்தில் வெள்ளி எங்கிருந்து வந்தது?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "போல்டன் பால் டெஃபயன்ட் விமானத்தின் 1/48 அளவு (நிஜ விமானத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாடலைச் செய்து, முழுக்க மேட், அதாவது பளபளப்பில்லாத, கறுப்பு அடித்தேன். எழுத்தும் சின்னமும் அச்சடித்த ஒட்டுப்படமான டெக்காலைத் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டியபோது, கையால் எழுதினது போல அவ்வளவு அழகாக உட்கார்ந்தது. காலையில் எழுந்து பார்த்தால் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் வெள்ளி பூசினது போல ஒரு திட்டு. ஈரமாக இருந்தபோது இல்லாத வெள்ளி, காய்ந்ததும் எங்கிருந்து வந்தது?"

பாதி விடை அவர் கேள்வியிலேயே இருக்கிறது. ஈரத்தில் இல்லை, காய்ந்ததும் வந்தது. இதைக் கவனித்ததற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும்.

அவர் ஏன் இந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதும் எனக்குப் புரிகிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 264-ஆம் ஸ்குவாட்ரனுக்கு (விமானப் பிரிவுக்கு) 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். அந்த ஸ்குவாட்ரன் ஓட்டியது டெஃபயன்ட். நேர்முன்னே சுடும் துப்பாக்கி ஒன்றுகூட இல்லாமல், விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில் நான்கு பிரௌனிங் துப்பாக்கிகளை வைத்த விசித்திரமான போர் விமானம் அது. 1940 ஆகஸ்டில் பகல் சண்டைகளில் பெரும் இழப்பைச் சந்தித்த பிறகு அதை இரவுக் காவலுக்கு மாற்றிக் கறுப்பு அடித்தார்கள். அப்படிப் பறந்த கறுப்பு டெஃபயன்ட்களில் N1801 என்ற எண் கொண்ட ஒன்றின் பெயர் 'கோயமுத்தூர்', பக்கத்தில் ரோமன் எழுத்தில் இரண்டு. ஊர்ப்பெயர் தாங்கிய விமானம் என்றால் யாருக்குத்தான் செய்து பார்க்கத் தோன்றாது?

மாடல் கட்டும் மற்ற வேலைகளை வேகமாகக் கடந்துவிடுகிறேன். சட்டத்திலிருந்து பாகங்களை வெட்டி எடுக்கிறோம். பாலிஸ்டைரீனைக் கரைக்கும் திரவத்தை விளிம்பில் தொட்டு வைத்தால் இரண்டு பாகமும் கரைந்து கலந்து ஒன்றாகிவிடும். உப்புத்தாளில் தேய்த்து, பெயின்ட் அடித்து, கடைசியில் டெக்கால். சரி, நம் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

டெக்கால் என்பது அடுக்குகளால் ஆனது. அடியில் தாள். அதன்மேல் தண்ணீரில் கரையும் பசை. பெரும்பாலும் மாவுச்சத்திலிருந்து வரும் டெக்ஸ்ட்ரின், பழைய தபால்தலையின் பின்னால் நாக்கில் தித்தித்ததே, அதே வகை. அதற்கும் மேல் தலைமுடியை விட மெல்லிய நிறமற்ற வார்னிஷ் படலம், அந்தப் படலத்தில் அச்சடித்த எழுத்து. தண்ணீரில் பசை இளகியதும் படலம் தாளைவிட்டு வழுக்கி மாடலின் மேல் வந்து உட்காருகிறது.

உட்காரும் இடம் எப்படிப்பட்டது? மேட் பெயின்டின் மேற்பரப்பு கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் உண்மையில் கரடுமுரடான மலைநாடு. ஒளியைச் சிதறடிப்பதற்காகவே அதில் நுண்ணிய துகள்களைச் சேர்க்கிறார்கள்; மேடும் பள்ளமும் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவில் இருக்கும். நாம் ஒட்டிய படலம் மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு, பள்ளங்களின் மேல் பந்தல் போட்டது போல நிற்கிறது. பந்தலுக்கு அடியில் முதலில் தண்ணீர் இருந்தது. ராத்திரியில் தண்ணீர் ஆவியாகிப் போனது, அந்த இடத்தில் காற்று வந்து குடியேறியது. நம் கண்ணில் பட்ட வெள்ளி அந்தக் காற்றுதான்.

நிறமே இல்லாத காற்று எப்படி வெள்ளியாகத் தெரியும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் நுழையும்போது எல்லையில் ஒரு பங்கு திரும்பிவிடும். எவ்வளவு திரும்பும் என்பது இரண்டு பொருள்களின் ஒளிவிலகல் எண்ணும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் பொறுத்தது. வார்னிஷ் படலம், பெயின்ட் இரண்டுக்கும் அந்த எண் ஏறத்தாழ 1.5. தண்ணீருக்கு 1.33. காற்றுக்கு 1. செங்குத்தாக விழும் ஒளிக்குக் கணக்கு எளிது: இரண்டு எண்ணின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, வர்க்கப்படுத்த வேண்டும். படலத்துக்கும் காற்றுக்கும் நடுவே 0.5-ஐ 2.5-ஆல் வகுத்தால் 0.2, அதன் வர்க்கம் 0.04. அதாவது நூற்றுக்கு 4 பங்கு ஒளி திரும்புகிறது. படலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இதே கணக்கைப் போட்டால் ஆயிரத்துக்கு 4 பங்குகூட வராது. பதினொரு மடங்கு குறைவு.

காற்று இருக்கும் பள்ளத்தில் இப்படிப்பட்ட எல்லைகள் இரண்டு: படலத்திலிருந்து காற்றுக்குள் இறங்கும்போது ஒன்று, காற்றிலிருந்து பெயின்டுக்குள் போகும்போது இன்னொன்று. இரண்டிலும் சேர்ந்து நூற்றுக்கு 8 பங்கு அளவுக்குத் திரும்பிவிடுகிறது. வெள்ளை இறக்கையில் இந்த 8 யார் கண்ணிலும் படாது, அங்கே பெயின்டே பெரும்பங்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. மேட் கறுப்போ மொத்தமாகவே நூற்றுக்குச் சில பங்குதான் திருப்புகிறது. அதற்கு மேல் ஓர் 8 சேர்ந்தால் இருட்டில் விளக்கேற்றினது போலத்தான். மாடல் செய்கிறவர்கள் இரவு விமானங்களின் டெக்காலுக்கு இவ்வளவு பயப்படுவது இதனால்தான்.

பள்ளங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆழம் என்பதால் எந்த ஒரு நிறமும் தனித்து ஓங்காது. எல்லாம் கலந்து வெண்மையாக வரும். அபூர்வமாக, இடைவெளி ஒரே சீராக ஒளியின் அலைநீள அளவுக்கு மெலிந்துவிட்டால் சோப்புக் குமிழியில் தெரிவது போல வானவில் சாயல் தெரியும். உங்கள் டெக்காலின் ஓரத்தில் அப்படித் தெரிந்தால், படலம் பரப்பை மிக நெருங்கிவிட்டது என்று சந்தோஷப்படுங்கள்.

இதே விஷயத்தை நாம் தினம் பார்க்கிறோம். பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடி போலாகி அந்தப் பக்கம் தெரிகிறதே, ஏன்? தாளின் நார்களுக்கு நடுவே இருந்த காற்றை எண்ணெய் வெளியேற்றிவிட்டது. நாருக்கும் எண்ணெய்க்கும் ஒளிவிலகல் எண் நெருக்கமாக இருப்பதால் ஒளி சிதறாமல் ஊடுருவிப் போகிறது. குளத்தில் முங்கி எழுந்தவரின் வேட்டி உடம்பைக் காட்டுவதும் இப்படித்தான்.

அப்படியானால் தண்ணீர் போன பிறகும் காற்று நுழையாமல் இருக்க என்ன வழி? பள்ளத்தை முதலிலேயே நிரப்பிவிடுவது. டெக்காலுக்கு முன் ஒரு கை பளபளப்பான வார்னிஷ் அடித்தால் அது பள்ளங்களில் வழிந்து நிரம்பி, சமமான தரையாகிவிடும். படலம் அதில் முழுக்கப் படியும். காய்ந்த பிறகு மேலே மேட் வார்னிஷ் அடித்துக்கொள்ளலாம். கரடுமுரடு மேலே இருந்தால் பாதகமில்லை, அது பெயின்டின் மேலும் டெக்காலின் மேலும் ஒரே மாதிரி பரவியிருக்கும். அடியில் மூடிய காற்றறைகள்தான் இருக்கக் கூடாது.

அப்புறம் இளக்கி. மைக்ரோ சால், மிஸ்டர் மார்க் சாஃப்டர் என்றெல்லாம் சின்னப் புட்டியில் வருவது. நிறைய பேர் இது டெக்காலைக் கீழே ஒட்டும் பசை என்று நினைக்கிறார்கள். அது செய்வது படலத்தை நெகிழ வைப்பது மட்டும். கீழே இழுக்கிற வேலையைக் காய்ந்துகொண்டிருக்கும் தண்ணீரே செய்துவிடுகிறது! ஒரு மைக்ரான் இடுக்கில் தங்கிய தண்ணீரின் பரப்பு இழுவிசை இரு பக்கச் சுவர்களையும் எவ்வளவு அழுத்தத்துடன் ஒன்றை நோக்கி ஒன்றை இழுக்கும் என்று கணக்கிட்டால், ஏறத்தாழ 1,40,000 பாஸ்கல் வருகிறது. வளிமண்டல அழுத்தத்தை விட அதிகம். இடுக்கு குறுகக் குறுக இழுப்பு கூடும். இத்தனை பலம் இருந்தும் படலம் விறைப்பாக இருந்தால் பலகை போல வளையாமல் நிற்கும். தண்ணீர் தோற்றுக் காற்று உள்ளே வந்துவிடும். இளகிய படலமோ பள்ளத்துக்குள் இறங்கிவிடும். விறைப்பு என்பது தடிமனின் மூன்றாம் படியைப் பொறுத்தது, பாதித் தடிமன் என்றால் எட்டில் ஒரு பங்கு விறைப்பு. மெல்லிய டெக்கால்களுக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதற்கு இந்த எட்டுதான் காரணம்.

மாடல் செய்கிற வட்டாரத்தில் "அவருக்கு டெக்கால் கைராசி" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது வருத்தமாக இருக்கும். நான் முதன்முதலில் செய்த ஒரு விமானம் முழுக்க வெள்ளி பூத்தபோது, எனக்குக் கைராசி இல்லை என்று நம்பி இரண்டு வருடம் இந்தப் பக்கமே வரவில்லை. அன்று நான் பயன்படுத்தியது எங்கள் தெருவின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்; அது காய்ந்தால் வாளியிலேயே வெள்ளைப் படிவு விடும். அந்த உப்பும் டெக்காலுக்கடியில் தங்கி ஒளியைச் சிதறடிக்கும். காய்ச்சி வடித்த தண்ணீர் அரை லிட்டர் வாங்கியிருந்தால் போதும். ராசி என்று சொன்ன கணத்தில் காரணம் தேடுவது நின்றுவிடுகிறது.

காரணம் தேடியவர் ஒருவரைச் சொல்கிறேன். ஜெர்மனியில் ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற பெண்மணி, பல்கலைக்கழகம் போக வழியில்லாமல், வீட்டுச் சமையலறையில் தண்ணீரின் பரப்பு இழுவிசையை அளந்து பார்த்தார். தகரத் தொட்டியும் தராசுமே அவருடைய கருவிகள். தன் முடிவுகளை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுத, அவர் அதை 1891-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியிட வைத்தார். நம் ஊரில் ஆராய்ச்சிக்குப் பணம் என்றால் பெரிய பெரிய திட்டங்களைத்தான் நினைக்கிறோம். ஈரம், பசை, படலம், பூச்சு போன்ற எளிமையான விஷயங்களை ஆராயும் கல்லூரி ஆய்வகத்துக்குச் சில லட்சம் கொடுத்தாலே பெரிய மாற்றம் வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உண்மையான டெஃபயன்டுக்கும் கரடுமுரடு ஒரு பிரச்சினைதான். தேடுவிளக்கு வெளிச்சம் பளிச்சிடாமல் இருக்க, அந்தக் கால இரவு விமானங்களுக்குக் கரிப்பொடி போன்ற சொரசொரப்பான 'ஸ்பெஷல் நைட்' கறுப்பை அடித்தார்கள். அந்தச் சொரசொரப்பு காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைத்தது. பிற்பாடு வழவழப்பான பூச்சுகளுக்கு மாறினார்கள்.

கோவை நண்பரின் விமானத்தைக் காப்பாற்ற முடியும். புதிய, கூர்மையான ஊசியால் வெள்ளித் திட்டின் மேல் நெருக்கமாகக் குத்துங்கள். எழுத்தின் மேல் வேண்டாம், நிறமற்ற படலத்தில் மட்டும். மெல்லிய தூரிகையால் இளக்கியைத் தொட்டு வையுங்கள். துளை வழியே திரவம் தானாக உள்ளே பரவும், வெள்ளி அணைந்து கறுப்பு திரும்பும். கொஞ்ச நேரத்தில் படலம் பயமுறுத்துகிற மாதிரி சுருங்கும். அப்போது கை வைக்காதீர்கள், வைத்தால் 'கோயமுத்தூர்' கிழிந்துவிடும். காய்ந்ததும் விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். இன்னும் வெள்ளி மிச்சமிருந்தால் அதே துளைகளில் ஒரு சொட்டு பளபளப்பு வார்னிஷைத் தண்ணீர் போல நீர்க்க வைத்து விடுங்கள். அது உள்ளேயே இறுகி, காற்றுக்கு இடம் விடாது.