லூப் பெயரில் இருக்கும் எண்ணை நம்பி டெம்போ வைக்காதீர்கள்

மார்த்தாண்டம் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். நவம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் பாட்டு வேலை நெருக்கும். கோயில் கொடை சீசனில் வில்லுப்பாட்டு. லூப் என்றால் திரும்பத் திரும்ப ஓடவிடுகிற சின்னத் தாளப் பதிவு, டெம்போ அதன் வேகம். இரண்டிலும் வருகிற புகார் ஒன்றுதான்: "அண்ணே, லூப் ரெண்டு சுத்து நல்லா போவுது, அப்புறம் கீபோர்டோட சேர மாட்டேங்குது."

ஒரு தம்பி ஃபைல் பெயரில் 100 என்று பார்த்து, சீக்வென்சரிலும் (லூப்பையும் கீபோர்டையும் அடுக்கி ஓட்டும் சாஃப்ட்வேர்) 100 வைத்து, கீபோர்டையும் பாடகர் குழுவின் குரலையும் பதிந்து முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். ஃபைலின் நீளம் 9.75 விநாடி. நான்கு பார் (தாளக் கட்டம்), பாருக்கு நான்கு தட்டு, ஆக 16 தட்டு. 100 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 100 தட்டு என்ற வேகத்தில், ஒரு தட்டுக்கு 0.6 விநாடி, 16 தட்டுக்கு 9.6தான் வர வேண்டும். மிச்சமுள்ள 0.15 விநாடி கடைசி அடியின் எதிரொலி. அவர் ஃபைல் முடிகிற இடத்திலேயே அடுத்ததை ஒட்டிக்கொண்டே போயிருக்கிறார். பத்துச் சுற்றில் ஒன்றரை விநாடி, அதாவது இரண்டரைத் தட்டு பிந்திவிட்டது. வாலை வெட்டியதும் சரியாயிற்று.

கணக்கு எளிது. தட்டுகளின் எண்ணிக்கையை 60-ஆல் பெருக்கி, லூப்பின் விநாடியால் வகுத்தால் பிபிஎம். ஆனால் எந்த விநாடி என்பதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். ஃபைலின் முழு நீளம் வேண்டாம். முதல் அடி விழும் இடத்திலிருந்து, அடுத்த சுற்றின் முதல் அடி விழ வேண்டிய இடம் வரை அளக்க வேண்டும். இந்த ஃபைலில் முழு நீளத்தை நம்பியிருந்தால் 98.46 வந்திருக்கும். எம்பி3 என்றால் தலைப்பக்கமும் கொஞ்சம் மௌனம் சேர்ந்திருக்கும், அதனால் நான் வேவ் ஃபைல்தான் கேட்பேன்.

சாஃப்ட்வேரே கண்டுபிடித்துக் கொடுக்குமே என்பீர்கள். கொடுக்கும். 70-ஐ 140 என்றும் கொடுக்கும். மும்மூன்றாக நடக்கிற தாளத்தில் 80 என்று நாம் கால் தட்டுவதை அது 120 என்று காட்டும். ஒரு முறை கையால் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, 48,000 சாம்பிள் ரேட்டில் (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிகிறது என்ற எண்) பதிந்த ஃபைலை மாற்றாமல் 44,100-இல் ஓட்டினால், 100 பிபிஎம் லூப் 92-க்கும் சற்றுக் கீழே இறங்கும். சுருதியும் கிட்டத்தட்ட ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். இப்போதைய சாஃப்ட்வேர் பலவும் தானே மாற்றிக்கொள்ளும். ஆனாலும் டெம்போவும் சுருதியும் சேர்ந்தே தவறினால் முதலில் இதைப் பாருங்கள்.

கணக்கெல்லாம் சரி, யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது? மிடி என்பது எந்தச் சுரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்று கீபோர்டு அனுப்பும் வெறும் கட்டளை. டெம்போவை மாற்றினால் அலுங்காமல் பின்னால் வரும். ஆடியோ அப்படி இல்லை, அதை இழுக்க வேண்டும், இல்லையென்றால் அடி அடியாக நறுக்க வேண்டும். இரண்டு மூன்று பிபிஎம் இழுத்தால் காதுக்குத் தெரியாது. 100-ஐ 130 ஆக்கினால் ஜால்ரா கரகரக்கும். நறுக்குவது கட்டைக்கும் ஜால்ராவுக்கும் ஒத்துவரும். உடுக்கைக்கு வேண்டவே வேண்டாம். இடுப்புக் கயிற்றை அழுத்தி விடும்போது ஒரு அடியிலிருந்து அடுத்ததற்கு நாதம் வழுக்கிக்கொண்டு போகும், உடுக்கையின் அழகே அதில்தான். நறுக்கி டெம்போவைக் குறைத்தால் அந்த வழுக்கல் நடுவில் அறுந்து, தகரத்தைத் தட்டுவது போல இருக்கும்.

ஒரு வில்லுப்பாட்டுக் குழுவின் பதிவில், புலவர் 96-இல் தொடங்கிக் கதை சூடேற ஏற 103-க்குப் போயிருந்தார். கூட வந்தவர்கள் அதை 100-க்கு நிமிர்த்தச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். ஒவ்வொரு பாரின் முதல் அடியிலும் குறி வைத்து, சீக்வென்சரின் டெம்போவைப் பாருக்குப் பார் அவர் பின்னால் போக வைத்தேன். முக்கால் மணி நேரம் பிடித்தது. கீபோர்டு வாசிக்க வந்த பையன் முதல் டேக்கில், தட்டைக் காட்டும் கிளிக் சத்தத்தைக் கேட்டு, "கிளிக்கு ஓடுது அண்ணே" என்று முனகினான். குடத்தைக் கேட்டு வாசி, கிளிக்கை விடு என்றேன். இரண்டாவது டேக்கில் சேர்ந்துகொண்டான்.