அந்தச் சிவப்புக் கயிற்றைத் தொடையில் மாட்டுங்கள்

பழுதுபார்க்க வரும் ரப்பர் படகு எஞ்சின்களில் திரும்பத் திரும்ப ஒரே காட்சி. ஸ்டாப் பட்டனுக்குக் கீழே செருகிய சிவப்பு கிளிப், கழன்று வராதபடி பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. அதோடு வந்த சுருள் கயிறு இருந்த இடம் தெரியாது. ஓட்டுபவர் உடம்பில் மாட்டிக்கொள்ள வேண்டிய கயிறு அது; அவர் விழுந்தால் கிளிப்பை உருவி எஞ்சினை நிறுத்துவதுதான் அதன் வேலை. கேட்டால், "அது இழுத்து இழுத்து எஞ்சின் ஆஃப் ஆயிடுதுங்க" என்று பதில். இந்த வாரமும் ஒன்று வந்தது. இனிமேலும் எழுதாமல் இருப்பது தப்பு.

"ஓட்டுறவர் விழுந்தா என்ன, படகு கொஞ்ச தூரம் போய் நின்னுடும், நீந்திப் போய் ஏறிக்கலாம், நாங்க கடலோரத்து ஆளுங்க" என்கிறார்கள். நிற்காது. பைக் ஆக்ஸிலேட்டர் கையை விட்டதும் தானாகத் திரும்பிவிடும். படகின் பின்னால் மாட்டும் இந்த அவுட்போர்டு எஞ்சினின் கைப்பிடி முறுக்கிய இடத்திலேயே நிற்கும். பிடி விட்டதும் ப்ரொப்பெல்லர் சுழலும் விசையில் எஞ்சின் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும், படகு சின்ன வட்டம் போடும். அந்த வட்டம் விழுந்தவர் இருக்கும் இடத்துக்கே வந்து சேரும், மறுபடியும் வரும். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைத்திருப்பதால் முங்கித் தப்பவும் முடியாது. ஜாக்கெட் கட்டாயம் வேண்டும், அதனால்தான் கயிறும் கட்டாயம். சுழலும் ப்ரொப்பெல்லர் இலைகளுக்கு முன்னால் நீச்சல் திறமை ஒன்றும் செய்யாது.

கயிற்றை முழங்காலுக்கு மேல் தொடையைச் சுற்றி மாட்டுங்கள். சட்டைப் பொத்தானிலோ லுங்கி மடிப்பிலோ மாட்டுவது வீண். அடிக்கடி இழுக்கிறது என்றால் நீங்கள் எஞ்சினைவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கிளம்பும் முன் ஐடிலில் ஓடவிட்டு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அந்த நொடியே எஞ்சின் அடங்க வேண்டும். உப்பேறிய பட்டன் கிளிப் கழன்றாலும் துள்ளி உள்ளே போகாது, ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உபரி கிளிப் ஒன்று உடன் வருபவரிடம் இருக்கட்டும். விழுந்தவரோடு கிளிப்பும் போய்விட்டால் பெரும்பாலான எஞ்சின்களை மற்றவர் ஸ்டார்ட் செய்யவே முடியாது, காப்பாற்றத் திரும்பி வரவும் முடியாது.

காற்று விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரஸர் பக்கம் போகாதீர்கள். கார் டயருக்கு 30 பிஎஸ்ஐக்கு மேல் அடிக்கிறோம். இந்த வகைப் படகின் பக்கக் குழாய்களுக்குப் பொதுவாக 0.25 பார், அதாவது மூன்றரை பிஎஸ்ஐ சொச்சம்தான். உங்கள் படகின் அளவு வால்வு அருகே அச்சிட்டிருக்கும், அதுவே கணக்கு. குழாய்களுக்குள் இருக்கும் எல்லா காற்று அறைகளையும் முதலில் பாதி நிரப்பி, அப்புறம் வரிசையாக முழுதாக்குங்கள். ஒன்றை மட்டும் முழுதாக அடைத்தால் அறைகளுக்கு நடுவே உள்ள தடுப்பு ஒரு பக்கமாகப் பிதுங்கித் தையல்விடும். வெயிலில் காற்று 10 டிகிரி சூடேறினாலே அழுத்தம் 0.04 பார் அளவு கூடும். சித்திரை வெயிலில் கடலூர் தேவனாம்பட்டினம் மணலில் முழுக் காற்றோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். தண்ணீரில் இறக்கியதும் குளிர்ந்து தளரும், பத்து நிமிடம் கழித்துப் பார்த்து நிரப்புங்கள்.

தனியாக ஓட்டும்போது முழு வேகம் கூடாது. எடையெல்லாம் பின்னால் இருக்க, தூக்கிய முகப்பின் அடியில் கடல் காற்று புகுந்தால் படகு மல்லாந்துவிடும். பெட்ரோல் டேங்க்கை முன்னால் வையுங்கள். புதுச்சேரி சுண்ணாம்பாறு முகத்துவாரத்திலும் கடலூர் முதுநகர் முகத்துவாரத்திலும் வற்றம் ஓடும், அதாவது தண்ணீர் வடிந்து கடலுக்கு இறங்கும் நேரத்தில் அலை செங்குத்தாக எழும். ஏற்றம் வரும்வரை காத்திருங்கள், தயவுசெய்து.

மழைக்காலத்தில் உதவிக்குக் கிளம்பும் தம்பிகளுக்கு: 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரி கிருஷ்ணா நகர் போல, தெருவே ஆறானால் அடியில் மதில் கண்ணாடி, முள்வேலி, கம்பி என்று எதுவும் கிடக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் எஞ்சினைத் தூக்கிவிட்டுத் துடுப்பு போடுங்கள். ஆளை ஏற்றும்போது நியூட்ரல் போதாது, எஞ்சினை நிறுத்துங்கள். பின்பக்கமாக ஒருபோதும் ஏற்றாதீர்கள். பக்கக் குழாய் மேல் வயிறு படும்படி இழுத்து உள்ளே போடுங்கள்.